அம்பாசடர் பம்பர்ல குரோம் உரியுது, எந்த பெயிண்ட் அடிக்கலாம்?

உப்பளத்தான்
வணக்கம் அண்ணாச்சிமாரே. அப்பா வண்டி, 88 மாடல் அம்பாசடர் மார்க் 4, பெட்ரோல். ஊரு தூத்துக்குடி, வீட்டுக்கும் உப்பளத்துக்கும் நடுவுல ஒரு ரோடுதான் இருக்கு, காத்து அடிக்கிற மாசத்துல புது சைக்கிள் செயினே ரெண்டு வாரத்துல செவந்துரும்னா பாத்துக்கிடுங்க. எஞ்சின் நல்லாருக்கு, பாடி போன வருசம்தான் பட்டி பாத்து கிரீம் கலர் அடிச்சோம், இப்ப பிரச்சன குரோம் மட்டும்தான். முன் பம்பர் இடது ஓரத்துல தோல் உரிஞ்ச மாதிரி தூக்கிக்கிட்டு நிக்கி, நகத்தால நெம்புனா சில்லு சில்லா வருது, நேத்து அப்பிடித்தான் நெம்பப் போயி விரல்ல கீறி ரத்தம் வந்துட்டு. பின் பம்பர் பூரா புள்ளி புள்ளியா துரு. ஹெட்லைட் ரிங்கும் வீல் கப்பும் பரவால்ல.

தை மாசம் தங்கச்சி கல்யாணம், பொண்ணு இந்த வண்டிலதான் போகணும்னு அப்பா ஒத்தக்கால்ல நிக்காவ. பெயிண்ட் கடைல கேட்டா "குரோம் ஸ்ப்ரேன்னு டப்பா வருது தம்பி, ரெண்டு வாங்கி அடிங்க பளபளன்னு ஆயிரும்"ன்னு சொல்லுதாரு. அடிக்கலாமா? வேற எது நல்லாருக்கும்?

ஸ்ப்ரேகேன் சாமி
தாராளமா அடிங்க ப்ரோ. நான் என் பழைய ஸ்கூட்டர் கண்ணாடி கப், பிரேக் லீவர் எல்லாம் அந்த டப்பாலதான் அடிச்சேன், அரை மணி நேர வேலை. நல்லா சோப்பு போட்டு கழுவி தின்னர் வச்சு தொடச்சிட்டு அடிங்க அவ்ளோதான். சும்மா பட்டறைக்குப் போனா காசப் புடுங்குவானுங்க.

டிங்கர் பட்டறை
ஏனுங்க சாமி, லீவர் வேற பம்பர் வேறங்க. நான் கோயமுத்தூர்ல 22 வருசமா பெயிண்டிங் பண்றேன், குரோம் மேல அப்பிடியே பெயிண்ட் அடிச்சு கொண்டாந்து "அண்ணா உரியுதுங்ணா"ன்னு நிக்கிற வண்டி மாசத்துக்கு ஒண்ணாவது வந்துருதுங்க.

உப்பளத்தான் தம்பி, எந்த பெயிண்ட்னு கேக்கறதுக்கு முன்னால அடியில என்ன இருக்குதுன்னு பாருங்க. பெயிண்ட் ஒட்டணும்னா அதுக்கு புடிமானம் வேணும், குரோம் கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருக்குது, அதுல புடிமானம் எங்கிருந்து வரும். தின்னர்ல தொடச்சா எண்ணெ போகுமே தவிர சொரசொரப்பு வராதுங்க. சொரசொரப்பு பேப்பர் போட்டுத்தான் வரணும். 320 வாட்டர் பேப்பர் (நம்பர் ஏற ஏற சொரசொரப்பு கம்மி) போட்டு பளபளப்பு ஒரு துளி கூட மிச்சமில்லாம பூரா மங்கி சாம்பல் கலர் ஆகுற வரைக்கும் தேய்க்கணும், எங்கயாச்சும் மினுமினுன்னு ஒரு பொட்டு தெரிஞ்சாக்கூட நாளைக்கு பெயிண்ட் அங்கதான் முதல்ல தூக்கும். குரோம் ரொம்ப கடினம்ங்க, பேப்பர் சீக்கிரம் மொட்டையாயிரும், ஒரு பம்பருக்கு நாலஞ்சு தாளு போயிரும்னு வச்சுக்கங்க.

உரிஞ்சு நிக்கிற எடத்துல இதெல்லாம் வேலைக்காகாது. அங்க உளி, ஸ்க்ரேப்பர் வச்சு தூக்குறது எல்லாத்தையும் தூக்கிருங்க, இரும்பு தெரியற வரைக்கும். அப்பறம் 80, 180, 320ன்னு ஓரத்த சரிவா எறக்கிட்டு வாங்க, விரல வச்சு தடவுனா படிக்கட்டு மாதிரி தட்டக்கூடாது. கண்ணை மூடிட்டு தடவிப் பாருங்க, கண்ண விட விரலு நெசம் சொல்லும்.

நிக்கல் தொட்டி
நான் முலாம் வேலை பாத்தவன், அம்பத்தூர் பக்கம், இப்ப விட்டுட்டேன். டிங்கர் அண்ணன் சொன்னதுல ஒண்ணு சேக்கறேன். நாம குரோம் குரோம்னு சொல்றோமே அதுல குரோம் இருக்கறது கடைசி மேல்பூச்சு மட்டும்தான், அரை மைக்ரான் கூட இருக்காது, ஒரு தலைமுடி 70 மைக்ரான் சொச்சம்னா கணக்கு போட்டுக்கோ. பளபளப்பும் பாதுகாப்பும் தர்றது அதுக்கு கீழ இருக்கற நிக்கல், அது 10லேர்ந்து 30 மைக்ரான் போடுவோம், அதுக்கும் கீழ செம்பு போடறதும் உண்டு. குரோம்ல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கும், அது வழியா ஈரமும் உப்பும் எறங்கி நிக்கல்லயும் ஓட்டை விழுந்துச்சுன்னா அடியில இரும்பு துருப்புடிச்சு உப்ப ஆரம்பிக்கும், துரு இரும்ப விட அதிக எடம் அடைக்கும் இல்லியா, அதான் மேல இருக்கறத அப்படியே தூக்கி விடுது. உன் விரல கிழிச்சது குரோம் இல்ல தம்பி, நிக்கல் தகடு.

அதனால பின் பம்பர்ல இருக்கற புள்ளித் துருவும் முன் பம்பர்ல இருக்கற உரியறதும் ஒரே வியாதிதான், ஒண்ணு ஆரம்பம், ஒண்ணு முத்துனது.

முதல்ல ஒரு காந்தத்த எடுத்துட்டு வண்டிய சுத்தி வா. ஒட்டுனா இரும்பு. ஒட்டலன்னா துத்தநாக வார்ப்பு இல்ல பித்தளை இல்ல அலுமினியம், தட்டிப் பாத்து டொக்குன்னு சத்தம் வந்தா பிளாஸ்டிக். ஒவ்வொண்ணுக்கும் வேலை வேற. அப்புறம் சமையல்கட்டு அலுமினியத் தாள கசக்கி தண்ணில நனைச்சு பின் பம்பர் புள்ளிய தேய்ச்சுப் பாத்துட்டு வந்து சொல்லு.

உப்பளத்தான்
அண்ணாச்சி நீங்க சொன்ன மாதிரியே பண்ணிட்டேன். ரெண்டு பம்பர், அது மேல நிக்கிற கொம்பு, வீல் கப்பு எல்லாத்துலயும் காந்தம் கப்புன்னு ஒட்டிச்சு. கதவு கைப்பிடில ஒட்டல. டிக்கி மூடி பக்கத்துல ஒரு பட்டை இருக்கு, அது பிளாஸ்டிக்கு, முந்தி எவனோ மாத்திருக்கான்.

அலுமினியத் தாள்: அம்மா ஏசிட்டே குடுத்தாவ. தேய்ச்ச அஞ்சு நிமிசத்துல கருகருன்னு சேறு மாதிரி வந்துச்சு, தொடச்சுப் பாத்தா நம்ப முடியல, பின் பம்பர்ல பாதிக்கு மேல கண்ணாடி மாதிரி ஆயிட்டு, மூஞ்சி தெரியுது. ஆனா கிட்டக்க பாத்தா ஊசில குத்துன மாதிரி பழுப்பு புள்ளி நெறைய, விரல் வச்சா லேசா குழி தட்டுது. முன் பம்பர்ல தேய்க்கவே இல்ல, தொட்டாலே கொட்டுது.

இன்னொன்னு, முன் பம்பர கழத்துனேன். உள்பக்கம் பாத்து பயந்துட்டேன். குரோமும் இல்ல பெயிண்டும் இல்ல, வெறும் துரு, ஒரு கைப்பிடி மண்ணு, ஒரு குருவிக்கூடு.

நிக்கல் தொட்டி
அதான் விசயமே. உள்பக்கம் முலாம் ஒழுங்கா ஏறாது, தொட்டில கரண்டு வெளிப்பக்கமே ஓடும். வெளிப்பக்கம் நீ என்ன பெயிண்ட் வேணா அடி, உள்பக்கம் துரு நிறுத்தலன்னா ரெண்டு மழைல மறுபடி ஓரத்துலேர்ந்து கெளம்பும். கூட்டுக்குள்ள குருவி இருக்கா?

உப்பளத்தான்
பழைய கூடு அண்ணாச்சி, காலி.

ஸ்ப்ரேகேன் சாமி
எல்லாரும் பெரிய பெரிய கதை சொல்றீங்க, கல்யாணத்துக்கு ஒரு நாள் ஓட்டணும் அவ்ளோதானே. துருவ தேய்ச்சிட்டு பிரைமர் அடிச்சு குரோம் டப்பா அடிச்சு மேல நெறமில்லாத கிளியர் கோட் அடிச்சா போட்டோல யாருக்குத் தெரியும்?

டிங்கர் பட்டறை
சாமி அங்கதாங்க நானும் ஏமாந்தேன். கேளுங்க. நாலஞ்சு வருசம் முந்தி ஒரு பையன் புல்லட் மட்கார்ட கொண்டாந்தான், அவனே அந்த டப்பாவ வாங்கிட்டு வந்துருந்தான். பளபளப்பான கருப்பு பேஸ் நல்லா பஃப் பண்ணி மேல அடிச்சோம், காஞ்சதும் பாத்தா சத்தியமா குரோம்தாங்க, பட்டறைல எல்லாரும் வந்து மூஞ்சி பாத்துட்டுப் போனாங்க. பையன் போட்டோ எல்லாம் எடுத்துட்டான். சாயங்காலம் நான் மேல 2கே கிளியர் (ஹார்டனர் கலந்து அடிக்கறது) ஒரு லேசான கோட் போட்டேன், போட்ட நிமிசமே கண்ணு முன்னாடி அப்பிடியே மங்கி அலுமினிய டப்பா கலர் ஆயிருச்சு. பையன் மூஞ்சி அத விட மங்கிருச்சு.

என்னன்னா அந்த பெயிண்ட்ல இருக்கறது பொடிப்பொடி அலுமினியச் செதிள், காயும்போது அதெல்லாம் மேல மெதந்து வந்து ஓடு வேஞ்ச மாதிரி படுத்துக்குது, அதனாலதான் கண்ணாடி மாதிரி தெரியுது. மேல கிளியர் விட்டா அதுல இருக்கற தின்னர் செதிளைக் கலைச்சு விட்டுருது, வெறும் சில்வர் ஆயிருது. சரி கிளியர் வேண்டாம்னு விட்டா என்னாகும், மட்கார்ட தொடச்ச துணி பூரா சில்வர், பேண்ட்ல சில்வர், அடுத்த வாரம் பெட்ரோல் சொட்டுன எடத்துல கருப்பு பேஸ் தெரியும். கிளியர் அடிச்சா மங்கும், அடிக்கலன்னா உதிரும். பொம்மை வண்டி செஞ்சு ஷோகேஸ்ல வைக்கறவங்களுக்கு அந்த மாதிரி பெயிண்ட் அருமைங்க, கையும் படாது மழையும் படாது. உப்பளத்துக்கு எதுத்தாப்புல நிக்கற பம்பருக்கு இல்ல.

சில்வர் நைட்ரேட் கரைசல ரெண்டு மூக்கு வச்ச கன்ல அடிச்சு வெள்ளி படிய வைக்கற வேலையும் இருக்குது, கண்ணாடிக்கு ரசம் பூசற அதே டெக்னிக்தான், அது நெசமாவே மூஞ்சி தெரியும், அலாய் வீல் பிளாஸ்டிக்குக்கெல்லாம் பண்றாங்க. ஆனா அதுக்கும் பாதுகாப்பு மேல இருக்கற கிளியர்தான், ஒரு கல்லு பட்டு கிளியர் தெறிச்சா வெள்ளி கருத்துரும். பம்பர்னாலே கல்லு படத்தான இருக்குது.

ஏ நாப்பது
நான் யாழ்ப்பாணம். இஞ்ச எங்கட ஐயாவின்ர ஒஸ்ரின் ஏ40 இப்பவும் ஓடுது. சண்டைக் காலத்தில பெற்றோல் வராதபடியால் மண்ணெண்ணெயில ஓடின கார், அப்ப பம்பருக்கு முலாம் பூசுறதைப் பற்றி ஆர் யோசிச்சது. ஐயா கிறில்லையும் பம்பரையும் தேய்ச்சுப்போட்டு சில்வர் பெயின்ற் பிறஷ்ஷால பூசினவர், வருசா வருசம் பொங்கலுக்கு முதல் திரும்பவும் பூசுவார். அது குறோம் மாதிரி இருந்ததே எண்டு கேட்டால் இல்லை, ஆனா கார் வடிவாத்தான் இருந்தது, ஒருத்தரும் குறை சொன்னதில்லை. பிறகு நான் 2015 இல முலாம் பூசக் குடுத்தனான், அப்ப பார்த்தால் அந்தப் பெயின்றுக்குக் கீழ இரும்பு நல்லாத்தான் இருந்தது. பூசியபடியால்தான் தப்பினது. தம்பி, பெயின்ற் அடிக்கிறதை குறைவா நினைக்காதேங்கோ.

கெமிஸ்ட்ரி டீச்சர்
ரொம்ப நாளா படிக்க மட்டும் செய்றவ, இன்னிக்கு பேசியே ஆகணும். தம்பி தயவுசெஞ்சு குரோம கரைக்கறேன்னு வீட்ல ஆசிட் வாங்கி ஊத்தாதீங்க, பேட்டரி சார்ஜர மாட்டி உரிக்கறேன்னும் கெளம்பாதீங்க, வீடியோல ஈசியா காட்றாங்க. கரண்டு விட்டு உரிக்கறப்ப குரோமியம் விஷமான வடிவத்துல தண்ணிக்குள்ள வரும், மஞ்சளா இருக்கும், புத்துநோய் உண்டாக்கும்னு உறுதியான பொருள் அது. அந்தத் தண்ணிய எங்க ஊத்துவீங்க? ராணிப்பேட்டைல 90கள்ல மூடுன குரோமேட் தொழிற்சாலை விட்டுட்டுப் போன கழிவு மலை மாதிரி கெடந்து கெணத்துத் தண்ணி மஞ்சளா ஆனத பாத்தவங்களுக்குத் தெரியும்.

தேய்க்கறதுன்னா தண்ணி விட்டுத் தேய்ங்க, காஞ்ச தூசி பறக்க விடாதீங்க, மாஸ்க் போடுங்க. வழிச்ச சேற காகிதத்துல எடுத்து தனியா கட்டி வைங்க, சாக்கடைல விடாதீங்க.

எட்ச் பிரைமர் அடிச்சா தேய்க்கவே வேணாம்னு யாராவது சொல்லுவாங்க, அதுக்கும் முன்கூட்டியே சொல்லிடறேன். அதுல இருக்கறது பாஸ்பாரிக் ஆசிட், இரும்பு அலுமினியத்தையெல்லாம் லேசா கடிச்சுப் புடிச்சுக்கும். குரோமியத்து மேல தானா ஒரு ஆக்சைடு படலம் இருக்கு, குரோமியம் கலந்த எவர்சில்வர் டம்ளர் துருப்புடிக்காம இருக்கறது அந்த படலத்தாலதான், புளிய ஊத்தி வச்சாலும் டம்ளருக்கு ஒண்ணும் ஆகறதில்லல்ல? இந்த ஆசிட்டும் அத ஒண்ணும் பண்ணாது.

டிங்கர் பட்டறை
டீச்சர் சொன்னது நூத்துக்கு நூறுங்க. எட்ச் பிரைமர் மேல எபாக்சியும் சேராத கம்பெனி நெறைய இருக்குது, டப்பாவ படிச்சுட்டு வாங்கணும். நான் இந்த வேலைக்கு எட்ச் தொடவே மாட்டேன், நேரா 2கே எபாக்சி பிரைமர்தான். இரும்பு மேலயும் நிக்கும், தேய்ச்ச குரோம் மேலயும் நிக்கும், தண்ணிய உள்ள விடாது. பட்டி போடணும்னா எபாக்சிக்கு மேல போடுங்க, இரும்பு மேல நேரா போட்டா பட்டி ஈரத்த உறிஞ்சி அடியில துருவ வளத்து வுட்டுரும்.

கலர் கோட்டுக்கு என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட்) வேண்டாம், பி.யூ. (பாலியூரித்தேன்) போங்க. மெட்டாலிக் சில்வர் பேஸ், மேல 2கே கிளியர். ஹார்டனர் கலக்குறப்ப ஒரு விசயம், அதுல ஐசோசயனேட் இருக்குது, கர்ச்சீப் கட்டிட்டு அடிக்காதீங்க, கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க் வேணும், எங்க பட்டறைல ஒரு பையனுக்கு மூச்சிழுப்பு வந்து இந்த வேலையே விட்டுட்டான். உங்ககிட்ட கன்னு கம்ப்ரஸர் இல்லன்னா தேய்க்கற வேலைய நீங்க பண்ணிட்டு அடிக்கறத பட்டறைல குடுத்துருங்க, கூலில பாதி தேய்க்கறதுக்குத்தான் போகுது.

பக்கத்து சீட்டு
பவுடர் கோட்டிங் பண்ணக்கூடாதா? என் ஜீப் பம்பர் பண்ணேன், கல்லு மாதிரி இருக்கு.

நிக்கல் தொட்டி
இரும்பு பம்பருக்கு பண்ணலாம், மணல் பிளாஸ்ட் அடிச்சு குரோம் பூரா எடுத்துட்டு. பெயிண்ட் பவுடர தூவி 180, 200 டிகிரில வேக வைப்பாங்க. கதவு கைப்பிடிய மட்டும் அதுல போட்டுறாத, துத்தநாக வார்ப்புக்குள்ள அடைஞ்சிருக்கற காத்து சூட்டுல வெளிய வந்து கொப்புளம் கொப்புளமா ஆயிடும். பிளாஸ்டிக் பட்டைய போட்டா இட்லி மாவு மாதிரி எறக்கிக் குடுப்பாங்க. கைப்பிடி நல்லா இருந்தா தொடாதேன்னுதான் சொல்லுவேன், தெனம் கை படற எடத்துல பெயிண்ட் நிக்காது.

உப்பளத்தான்
முடிவு பண்ணிட்டேன் அண்ணாச்சி, ஆனா வீட்ல ஒரே சண்டை. முலாம் கடைல ரெண்டு பம்பருக்கும் சேத்து கேட்டேன், சொன்ன ரேட்டக் கேட்டு வண்டிய வித்துட்டு பம்பர மட்டும் வச்சுக்கலாமான்னு தோணிட்டு. அதுலயும் முன் பம்பர்ல குழி ஆழமா இருக்கு, பாலிஷ் போட்டா ஓட்டை விழுந்துரும், பொறுப்பில்லன்னுட்டாரு. அதனால முன் பம்பர் பெயிண்ட், பின் பம்பர் முலாம்னு நெனைச்சேன்.

அப்பா: "முன்னால ஒரு கலரு பின்னால ஒரு கலரா, வண்டியா அது தசரா வேசமா". கருப்பு அடிக்கலாம்னு தங்கச்சி சொல்லுதா, இப்ப அதான் ஃபேசனாம். அப்பா அதுக்கு பதிலே சொல்லல, எந்திரிச்சி போயிட்டாவ.

டிங்கர் பட்டறை
அப்பா சொல்றதுதாங்க சரி. முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்கணும். ரெண்டையுமே சில்வர் அடிங்க, கொம்பு நாலையும் மட்டும் முலாமுக்குக் குடுங்க, சின்ன பீசு, கூலி கம்மி. ஹெட்லைட் ரிங், வீல் கப், கொம்பு இதெல்லாம் நெஜ குரோமா மின்னுனா நடுவுல பம்பர் சில்வர்ங்கறது கண்ணுல படாது. சில்வர்லயும் ரொம்ப பொடியான ஃப்ளேக் (செதிள்) எடுங்க, அலாய் வீல் சில்வர்னு கேளுங்க. பெரிய ஃப்ளேக் மினுமினுன்னு பளிச்சுன்னு நின்னா பழைய வண்டிக்கு அது ஒட்டாது.

உள்பக்கம் மறந்துராதீங்க. கம்பி பிரஷ்ல சொரண்டி, துரு மாத்தற பாஸ்பாரிக் தண்ணி அடிச்சு கழுவி காய வச்சு, அதே எபாக்சி ரெண்டு கோட், மேல அண்டர்பாடி கோட்டிங்.

உப்பளத்தான்
*(ரெண்டு மாசம் கழிச்சு)*

எல்லாரும் மன்னிக்கணும், கல்யாண வேலைல இந்தப் பக்கமே வர முடியல. ரிப்போர்ட் சொல்லுதேன்.

தேய்க்க மட்டும் ஆறு நாளாச்சு, சாயங்காலம் வேலைய விட்டு வந்து மொட்ட மாடில ஒரு வாளி தண்ணியும் பேப்பருமா உக்காந்தேன். டிங்கர் அண்ணாச்சி சொன்ன நாலஞ்சு தாளெல்லாம் இல்ல, 19 போச்சு. பளபளப்ப கஷ்டப்பட்டு அழிக்கிறோமேன்னு கைக்கு மனசு வரல, அப்பா வேற பக்கத்துல சேர் போட்டு உக்காந்து "அந்தா ஒரு பொட்டு மின்னுது பாரு"ன்னு விரல நீட்டிக்கிட்டே இருந்தாவ. அவகளுக்கு கண்ணு ஆபரேசன் ஆயிருக்கு, என்ன விட நல்லா தெரியுது.

பெயிண்ட் பட்டறைல குடுத்தேன். எபாக்சி ரெண்டு கோட், முன் பம்பர்ல குழிக்கு பட்டி, சின்னக் கீறல மறைக்க சர்ஃபேஸர், 800 பேப்பர், சில்வர், கிளியர். கொம்பு நாலும் முலாம். பிளாஸ்டிக் பட்டைய கழத்தி எறிஞ்சிட்டு ரெண்டு ஓட்டைய அடைச்சாச்சு.

தப்பு ஒண்ணு நடந்துச்சு, அது என் தப்புதான். பின் பம்பர் வலது முனைல வளைவு உள்ளுக்குப் போற எடத்துல பேப்பர் போகலன்னு தேய்க்காம விட்டேன், யாருக்குத் தெரியும்னு. மூணாவது வாரம் வண்டி கழுவும்போது தண்ணி பைப்பு வேகத்துலயே அந்த எடம் மட்டும் ரூவா நாணயம் அளவு தூக்கிட்டு வந்துருச்சு, அடில பாத்தா புது குரோம் மாதிரி பளபளன்னு என் மூஞ்சி தெரியுது. மத்த எடத்துல நகத்த வச்சு சொரண்டினாலும் அசையல.

கல்யாணத்தன்னிக்கு மாப்ளை வீட்டு பெரியவரு ஒருத்தர், பழைய டாக்சி ஓட்டுனவராம், வண்டிய சுத்தி வந்து கொம்புல கைய வச்சுக்கிட்டு "எங்க முலாம் போட்டிய"ன்னு கேட்டாரு. அப்பா கடை பேரச் சொன்னாவ. பம்பர பத்தி வாயே தொறக்கல.

டிங்கர் பட்டறை
அந்த ரூவா அளவு எடத்த இந்த மாசமே எடுத்துட்டு 320 போட்டு டச் அப் பண்ணிருங்க தம்பி, விட்டா ஓரத்துல தண்ணி ஏறும். தங்கச்சிக்கு வாழ்த்துங்க.

ஸ்ப்ரேகேன் சாமி
ப்ரோ என் ஸ்கூட்டர் லீவர்ல சில்வர் போய் உள்ள கருப்பு தெரியுது. 320 பேப்பர் தாள் என்ன விலை வருது?